இரண்டு நாள் மிஸ்

என் பிறந்தநாளுக்கு ஒபிஸில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் துண்டை வாயில் போட்டுக்கொண்டே "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றார்கள். அக்கா மட்டும் தன் துண்டை ஓரத்திலிருந்து தொடங்கி மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி அக்கா?" என்று கேட்டேன்.

"இண்டைக்கி சொல்ல ஏலாது தம்பி."

இரண்டு நாள் கழிந்தது. கேக்கையே மறந்து கணினிக்குள் தலையை விட்டிருந்த என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "கேக் நல்லம். வயித்துக்கு ஒண்டும் செய்யல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் எங்கள் வேலைத்தளத்தின் வெல்டிங் பரிசோதகர். கொட்டாஞ்சேனைக்காரர். அப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். துறைமுகப் பக்கத்திலிருந்து எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் முற்றம் வரைக்கும் பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதுக்குழாய் போடும் வேலை எங்கள் கம்பனிக்குக் கிடைத்திருந்தது. இரண்டு குழாய்களின் வாயை ஒன்றோடொன்று பொருத்தி வெல்டிங் செய்த இடத்தை மூட்டு என்போம். அவருடைய கையெழுத்து விழாமல் எந்த மூட்டும் மண்ணுக்குள் போக முடியாது.

நான் அங்கே திட்டமிடும் பொறியியலாளர். எந்த வேலை எந்த நாளில் முடியவேண்டும் என்று கணினியில் வண்ண வண்ணக் கோடுகள் போடுவது என் தொழில். வெள்ளவத்தையிலிருந்து காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து, என் கோடுகளைத் திறந்து பார்த்து நானே மகிழ்ந்துபோவேன். அந்தக் கோடுகளை இரண்டு நாள் தள்ளிவிடுவது அவர் தொழில்.

வெல்டிங் முடிந்து குழாய் ஆறியதும் அவர் ஒருமுறை பார்ப்பார். எக்ஸ்ரே எடுப்பார்கள், அதையும் பார்ப்பார். எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனாலும் கையெழுத்துப் போடமாட்டார். இரண்டு முழு நாள் கழித்துத் திரும்பி வந்து, ஸ்கேன் மெஷினால் அந்த மூட்டைச் சுற்றிவரத் தடவிப் பார்த்த பிறகுதான் பேனையைத் திறப்பார். பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. அதனால் அவர் கொஞ்சமும் வெட்கப்பட்டதில்லை. எங்கள் போர்மன் ஒரு சிங்களவர், கை சுத்தமான வேலைக்காரர். அவர்தான் பெயர் வைத்தார்: "தவஸ் தெகே மிஸ்." இரண்டு நாள் மிஸ். பெயர் அக்காவின் காதுக்கும் போயிற்று. கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். "சில வேலைக்கு மூண்டு நாளும் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

சுடிதாரும் அதற்குக் கீழே பாரமான பாதுகாப்புச் சப்பாத்துமாக வருவார். கழுத்தில் செபமாலை. அதோடு சேர்த்து ஒரு சின்ன டோர்ச்சும் தொங்கும். எது எதற்கு உதவும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை. கைப்பையில் ஒரு விசேஷமான சோக்குக்கட்டி வைத்திருப்பார். இரும்பில் கோடு கீறினால், வேண்டிய அளவு சூடு இருந்தால்தான் அந்தக் கோடு உருகும். வெல்டிங் செய்ய முன்னர் குழாயின் வாயைக் காஸ் நெருப்பால் சூடாக்கவேண்டும் என்பது விதி. ஒருநாள் போர்மன், "நல்லாச் சூடு போட்டாச்சு மிஸ்" என்றார். இவர் கோடு கீறினார். கோடு அப்படியே வெள்ளையாக நின்றது. "சூடு உங்கட வாயில மட்டும்தான் இருக்கு" என்றார். போர்மன் சிரித்துக்கொண்டே காஸ் சிலிண்டரை மறுபடி உருட்டி வந்தார்.

எனக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்த காலம் அது. பெண்ணின் படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டினேன். இவருக்கும் காட்டியது என் பிழை. கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, நாலு மூலையும் பார்த்தார்.

"ரெண்டு நாள் பொறுங்க" என்றார்.

"அக்கா, முற்றாகிட்டுது. மண்டபமும் புக் பண்ணியாச்சு."

அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை வந்தார். "நல்ல பிள்ளை. முகத்தில பொய் இல்ல. அவ உங்களப் பாத்து ஓம் சொல்ல எவ்வளவு நாள் எடுத்தவ?"

"அண்டைக்கே சொல்லிட்டா."

"பாவம்" என்றார். அரைநாள் முழுக்க ஒபிஸ் சிரித்தது.

ஒரு முறை உண்மையாகவே எரிச்சல் வந்து கேட்டுவிட்டேன். "எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லை. கண்ணுக்கும் ஒண்டும் தெரியேல்லை. பிறகு என்னத்துக்கு அக்கா இந்த ரெண்டு நாள்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் போர்மன் உள்ளே வந்தார். அவருடைய பழைய மேலங்கியின் முழங்கையில் யாரோ புதுத்துணியால் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார்கள். இவர் போர்மனின் கையைப் பிடித்து இழுத்து என் மேசையில் வைத்தார்.

"இத பாருங்க. தைச்ச அண்டைக்கி இது தட்டையா, வடிவா இருந்திருக்கும். கழுவினதும் புதுத்துணி சுருங்கிச்சு. பழசு சுருங்கல்ல. இப்ப சுத்திவர இழுத்துக்கொண்டு நிக்கிது. எங்க கிழியப் போகுது?"

"தையல் ஓரத்தில."

"வெல்டிங்கும் அதான். உருகின இரும்ப ஊத்துறம். ஆறேக்க அது சுருங்கப் பாக்கும். ரெண்டு பக்கத்துக் குழாயும் விடாது. வெளியில எல்லாம் ஆறிப்போச்சு, ஆனா உள்ளுக்குள்ள இழுவை அப்பிடியே நிக்கிது. அது எல்லா மூட்டிலயும் இருக்கு, ஒண்டும் செய்ய ஏலாது. ஆனா அவசரமா ஆறினா ஓரம் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். வெல்டிங் ரொட் கம்பியில ஈரம் இருந்தா, அந்த ஈரத்தில உள்ள ஹைட்ரஜன் இரும்புக்குள்ள பூந்திடும். பூந்து, மெல்ல மெல்ல ஊர்ந்து, இழுவை கூடின இடத்துக்குத்தான் போகும். இழுவை, இறுக்கம், ஹைட்ரஜன் மூண்டும் ஒரு இடத்தில சேர்ந்தா வெடிப்பு. ஊர்ந்து போக அதுக்கு நேரம் வேணும். அந்த நேரத்தத்தான் நான் குடுக்கிறன். இதுக்கு மேல நீங்க வேற செயின் போட்டு இழுத்துப் பொருத்தினா, இழுவைக்கு மேல இழுவை."

போர்மன் தன் கையைத் திருப்பித் தரும்படி கேட்டார்.

இவ்வளவும் எனக்குச் சொல்லப்பட்டது. கேட்டேன், விளங்கியது. அதனால் பிறகு நடந்ததற்கு எனக்கு அறியாமை என்ற சாட்டுக் கிடையாது.

குழாயை இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டுக்கொண்டு வந்தோம். இரண்டு நுனியும் சந்திக்கும் கடைசி மூட்டு ஒரு தோட்டத்துக்குப் பின்னால் வந்தது. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரே சுவரைப் பங்குபோட்டு நிற்கும் வரிசை வீடுகள். எங்கள் குழிக்கும் அவர்களுடைய சமையலறைச் சுவருக்கும் நடுவே ஒருவர் பக்கவாட்டாக நடக்கலாம், அவ்வளவு இடம்தான். திங்கட்கிழமை திறப்புவிழா. பெரிய ஆட்கள் வருகிறார்கள். அடுத்த கிழமை கப்பல் வரும், எண்ணெய் ஓடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்த்தால், இரண்டு நுனியும் நேருக்கு நேர் வராமல், பக்கவாட்டில் மூன்று விரல் அளவு விலகி நின்றன. முறைப்படி என்றால் ஒரு பக்கத்தை வெட்டி, நடுவில் அளவான துண்டொன்று போடவேண்டும். அதற்கு இன்னும் ஒரு நாள் போகும். மழை வேறு தூறத் தொடங்கியிருந்தது. அக்கா அந்த நேரம் தாங்கி முற்றத்தில் வேறு வேலையாக இருந்தார்.

போர்மன் என்னைப் பார்த்தார். "சேர், செயின் எக தாமுத?" செயின் போட்டு இழுப்போமா என்று கேட்கிறார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "ஹரி" என்றேன். சரி என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதுமாக இருந்தது.

செயினைப் பூட்டி இழுத்தார்கள். குழாய் ஒருமுறை முனகியது. பிறகு வந்து நேராக நின்றது. தலைக்கு மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வெல்டிங் செய்தார்கள். மூன்று மணிக்குப் பார்த்தபோது மீன் செதில் அடுக்கியதுபோல அவ்வளவு அழகு.

நாலு மணிக்கு அவர் வந்தார். குனிந்து டோர்ச் அடித்தார். மூட்டைப் பார்த்தார். பிறகு மூட்டை விட்டு, ஒரு முழம் தள்ளிக் குழாயின் முதுகில் இருந்த ஒரு சிராய்ப்பைப் பார்த்தார்.

"இத இழுத்துப் பூட்டினீங்களா?" என்று போர்மனிடம் கேட்டார். போர்மன் என்னைப் பார்த்தார். இவரும் என் பக்கம் திரும்பினார். "தம்பி?"

"தெரியாதக்கா. நான் ஒபிஸில இருந்தனான்."

என் சப்பாத்தில் அந்தக் குழியின் சேறு இருந்தது. அவர் என் சப்பாத்தைப் பார்க்கவில்லை. என் வார்த்தையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மனேஜர் மேலும் கீழும் நடந்தார். "என்ன இவவின்ட ரெண்டு நாள்! சிவப்புக் கம்பளம் வந்திட்டுது, குத்துவிளக்கு வந்திட்டுது, இவவின்ட கையெழுத்து மட்டும் வரேல்லை!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் பலமாகவே சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, மாலைப் பூசைக்குப் போகிற சேலையோடு வந்தார். சேலைக்குக் கீழே அதே சப்பாத்து. ஸ்கேன் செய்கிறவர் மூட்டைச் சுற்றித் தடவினார். இவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. ஒன்றும் இல்லை. பேனையைத் திறந்து கையெழுத்துப் போட்டார். போர்மன் கை தட்டினார். எனக்குள் இருந்த ஒரு கல்லும் அப்போது இறங்கியது. சரியாகத்தானே இருக்கிறது, பிறகென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விழா நடந்தது. பேச்சுகள் நடந்தன. விழா எப்படி என்று மனேஜர் அவரிடம் கேட்டார். "புதன்கிழமை சொல்றன் சேர்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மழையால் குழியை மூடாமல் வைத்திருந்தோம். நான் போய்ப் பார்த்தேன். எங்கள் தற்காலிக வேலியில் தோட்டத்துப் பெண் ஒருத்தி பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சேர், இந்தக் குழாயில எண்ணெயா ஓடப்போகுது?"

"ஓம்."

"எங்கட அடுப்பு இந்தச் சுவத்துக்கு அங்கால தான் இருக்கு. அந்த சப்பாத்துப் போட்ட மிஸ் கையெழுத்து வெச்சாவா?"

"ஓம், வெச்சிட்டா."

"அப்ப பயமில்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டையை உதறினாள்.

நான் ஒபிஸுக்குப் போய் என் கோடுகளைத் திறந்தேன். எல்லாம் பச்சை. அன்று அவற்றைப் பார்த்து மகிழ முடியவில்லை. ஐந்து மணிக்கு ரயிலடிக்குப் போகாமல் கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன்.

அக்காவின் கணவர் கதவைத் திறந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கதிரையைத் தூசி தட்டி உட்காரவைத்தார். "அவவோட வேலை செய்யிற தம்பியா? உங்களுக்கு நல்ல பொறுமை இருக்கு. நான் கட்டுறனெண்டு கேட்டதுக்கு ஓம் சொல்ல ரெண்டு நாள் எடுத்தவ. கோயில் வாசல்ல ரெண்டு நாளும் காவல் நிண்டன். முப்பது வருஷமாச்சு, என்னில இன்னும் ஸ்கேன் முடியல்ல."

அக்கா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். செயின் போட்டது, மூன்று விரல் விலகல், மழை, ஹரி என்று சொன்னது நான்தான் என்பது, எல்லாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். முடிந்ததும் கையைக் கழுவினார். இரண்டு நாள் பொறுங்க என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஈரக்கையாலேயே போனை எடுத்தார்.

"சேர், கடைசி மூட்ட நாளைக்கிக் காலம வெட்டுறம்... ஓம், நான்தான் கையெழுத்துப் போட்டன். இப்ப அத வாபஸ் வாங்குறன்... இல்ல சேர். யோசிக்க இதில ஒண்டுமில்ல."

கணவர் வாயைத் திறந்தபடி நின்றார். "யோசிக்காம ஒரு முடிவெடுத்தத இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார்.

"என்னில கோவமா அக்கா?"

"இறால் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். எனக்குப் பசியில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை தோட்டத்து ஆட்களை முன்பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். குழாயின் இரண்டு பக்கத்தையும் செயினால் தளர்வாகக் கட்டச் சொன்னார். வெட்டுகிறவரைத் தவிர ஒருவரும் குழிக்குள் நிற்கக்கூடாது. வெட்டுகிறவரும் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று அவரே தோளைப் பிடித்து நிறுத்தினார். மனேஜர் குடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கிரைண்டர் சுற்றிவந்தது. கடைசியில் இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். அதற்குள் 'டங்' என்று ஒரு சத்தம். மிச்சம் தானாக அறுந்து, குழாய் பக்கவாட்டில் துள்ளிச் செயினில் மோதி நின்றது. வெள்ளிக்கிழமை விலகி நின்ற அதே இடத்துக்கு, அதே மூன்று விரல் தூரத்துக்குப் போய்விட்டது. ஐந்து நாளாக அது அசையாமல் அங்கே போகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"அம்மோ!" என்றார் போர்மன். மனேஜர் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார்.

வெட்டியெடுத்த மூட்டைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு முகத்தையும் மினுக்கச் சொன்னார் அக்கா. சிவப்பு மையை விசிறி, துடைத்து, மேலே வெள்ளை மாவை விசிறினார். வெடிப்பு ஏதும் இருந்தால் அதற்குள் போன சிவப்பு மெல்ல வெளியே வரும். நாங்கள் எல்லோரும் சுற்றிக் குந்தியிருந்தோம். முதல் மூன்று துண்டும் வெள்ளையாகவே இருந்தன. நாலாவதில், வெல்டிங் குழாயோடு சேரும் ஓரத்தில், தலைமயிரைப் போல ஒரு சிவப்புக் கோடு வந்தது. வந்து, நெருப்புக்குச்சி நீளத்துக்கு வளர்ந்து நின்றது. சரியாகத் தையல் ஓரம்.

அவர் வென்றவரைப்போல நிமிர்வார் என்று பார்த்தேன். அப்படியே குந்தியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை இது இருந்திருக்கும், ஸ்கேன் விட்டிருக்கும். இல்லாட்டி அதுக்குப் பிறகு வந்திருக்கும்" என்றார். "ரெண்டு நாளெண்டது வேதத்தில இருக்கிறதில்ல. ஒழுங்காப் பொருத்தினதுக்கு அது போதும். இழுத்துக் கட்டினதுக்கு எத்தின நாளெண்டு எனக்கும் தெரியாது."

அவர் தெரியாது என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

விலகலுக்கு அளவான துண்டு வந்தது. செயின் இல்லை, இழுப்பு இல்லை. ஒன்றாக இருந்த மூட்டு இரண்டாயிற்று. அடுப்பில் காய்ந்த ரொட், சோக்குக்கோடு உருகும் வரைக்கும் நெருப்பு, முடிந்ததும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோலக் கம்பளி. இந்த முறை மூன்று நாள் கேட்டார். நானே என் கோடுகளை மூன்று நாள் தள்ளிவிட்டேன். கப்பல் வெளியே காத்து நின்றது. மனேஜருக்கு மேலிடத்திலிருந்து கிடைத்த ஏச்சில் பாதியை அவர் எனக்குக் கொடுத்தார், அது நியாயம். இரண்டு மூட்டும் சுத்தமாக வந்த பிறகுதான் அக்கா அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

அறிக்கையில் நடந்ததைச் சொன்னவர்கள் எல்லோரும் கையெழுத்திடவேண்டும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அச்செழுத்தைப்போலக் குண்டு குண்டான கையெழுத்து. என் பதவிக்கு நேரே, வெள்ளிக்கிழமை கேட்டபோது தெரியாது என்றார், என்று ஒரு வரி. அதற்குக் கீழே, செவ்வாய்க்கிழமை யாரும் கேட்காமல் தானாக வந்து சொன்னார், என்று ஒரு வரி. அதற்கும் கீழே தன்னைப் பற்றி ஒரு வரி: ஞாயிற்றுக்கிழமை நான் சரி என்று கையெழுத்திட்டேன், அது பிழை.

என் காது சுட்டது.

"அக்கா, அந்த முதல் வரி கட்டாயம் வேணுமா?"

"ரெண்டும் நடந்தது தானே தம்பி."

"நான் வந்து சொன்னனான்தானே."

"அதையும் எழுதியிருக்கிறன் தானே."

அவர் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மன்னிப்பு இருக்கிறதா என்றும் தேடினேன். அதுவும் இல்லை. பேனையை என் பக்கம் நீட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தார். நான் மூன்று வரியையும் இன்னொரு முறை வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.